பழைய டப்பா டிவியில் மாதக் காசு கட்டாமல் படம் வருமா?

கேட்டவர் சொன்னது இதுதான். மேலூர்ப் பக்கம் கிராமத்து வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். 21 இன்ச் பழைய கலர் டிவி ஒன்று இருக்கிறது. கேபிளை நிறுத்தியாகிவிட்டது. மொட்டை மாடியில் அப்பா வைத்த ஆண்டெனா இன்னும் நிற்கிறது. அதன் ஒயரைச் செருகி எல்லா சேனலையும் தேடவிட்டுப் பார்த்தாலும் புள்ளிதான் ஓடுகிறது. ஆண்டெனாவைத் திருப்பி வைத்தால் தூர்தர்ஷனாவது வருமா, இல்லை டிவியை எடைக்குப் போட வேண்டியதுதானா? பரணில் ஒரு பிளாக் அண்ட் ஒயிட் டிவியும் கிடக்கிறது, அதையும் எழுப்ப முடியுமா?

திண்டுக்கல்லில் இருபத்தெட்டு வருஷம் டிவி ரிப்பேர் கடை நடத்தியவன் நான். இப்போது கடை இல்லை, ஆனால் கை சும்மா இருப்பதில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆண்டெனாவை எந்தத் திசையில் திருப்பினாலும் வராது. அதற்காக டிவியை எடைக்குப் போடவும் வேண்டாம். ஒரு சின்ன டிஷ்ஷும் ஒரு பாக்ஸும் வாங்கினால் அந்த 21 இன்ச்சில் இன்றைக்கே படம் ஓடும், மாதச் சந்தா கிடையாது. வானத்திலிருந்து சிக்னலைப் பிடிப்பது சுலபமான பாதிதான். பாக்ஸிலிருந்து டிவி வரைக்கும் உள்ள மூன்றடி ஒயர்தான் ஆளைப் படுத்தும். "டிஷ் மாட்டியும் படம் வரலை" என்று என்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மாடியில் ஒரு குறையும் இருக்காது. எல்லாம் அந்த மூன்றடிக்குள் இருக்கும்.

முதலில் ஆண்டெனாவுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். அப்பா வைத்ததாயிற்றே, கழற்ற மனசு வராது, காரணம் தெரிய வேண்டும்.

சென்னைத் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அது சென்னைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும்தான். நம் பக்கத்துக்கு எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் ரிலே வந்த பிறகுதான் ஒழுங்கான படம். அதற்கு முன்னால் தென் மாவட்டங்களில் டிவி வைத்திருந்தவர்கள் பார்த்தது ரூபவாஹினி. 1982 பிப்ரவரியில் இலங்கையில் தொடங்கி, பிதுருதலாகலை மலை உச்சியிலிருந்து ஒளிபரப்பானது. கடலோரத்தில் நன்றாகவே எடுக்கும். ராசி இருந்தால் மதுரை, திருச்சியிலும் வரும். அறுபதடி ஜிஐ பைப்பில் ஆண்டெனாவைத் தூக்கி, உச்சியில் பூஸ்டர் கட்டி, கிரிக்கெட் நாளில் ஒருத்தன் மாடியில் பைப்பைப் பிடித்துக்கொண்டு "இப்ப?" என்பான், கீழே இருப்பவன் "இல்ல, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்பான். நானும் பைப்பைப் பிடித்திருக்கிறேன். அந்த மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை, கை வலித்தது மட்டும் நினைவிருக்கிறது.

உங்கள் அப்பா வைத்த ஆண்டெனா மேலூரிலிருந்து மேற்கே, சற்று வடக்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் அது கொடைக்கானலுக்கு வைத்தது. அந்த அலுமினியக் குழாய்களின் நீளத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. எந்தச் சேனலைப் பிடிக்க வேண்டுமோ அதன் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி நீளம் குழாய்க்கு. இரண்டு, மூன்று, நான்காம் சேனல் என்றால் எட்டு அடியிலிருந்து பத்து அடி வரை போகும். ஐந்து முதல் பன்னிரண்டு என்றால் இரண்டிலிருந்து மூன்று அடிக்குள் முடிந்துவிடும். மாடியில் நிற்கும் ஆண்டெனாவைப் பார்த்தே அந்த வீட்டில் எந்த ஸ்டேஷனைப் பிடித்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

அந்த ஒளிபரப்புதான் போய்விட்டது. தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் சுமார் 70 சதவீதத்தை ஏற்கெனவே மூடியாகிவிட்டது என்றும், முக்கியமான இடங்களில் உள்ள ஏறக்குறைய 50 தவிர மிச்சத்தையும் 2022 மார்ச் 31-க்குள் மூடப்போகிறோம் என்றும் பிரசார் பாரதி 2021 அக்டோபரில் அறிவித்தது. (தூர்தர்ஷனை நடத்துவது பிரசார் பாரதிதான்.) உங்கள் டிவியில் புள்ளி ஓடுவதற்குக் காரணம் இதுதான். டிவியும் ஆண்டெனாவும் சரியாகவே இருக்கின்றன, காற்றில்தான் சரக்கு இல்லை.

அமெரிக்காவில் 2009 ஜூன் 12-ஆம் தேதி பெரிய ஸ்டேஷன்கள் அனலாக்கை நிறுத்தியபோது, பழைய டிவிக்காரர்கள் கன்வெர்ட்டர் பாக்ஸ் வாங்குவதற்கு அரசே வீட்டுக்கு 2 கூப்பன் வரை, ஒன்று 40 டாலர் மதிப்பில் கொடுத்தது. இங்கே நிறுத்தியது பலருக்குத் தெரியவே தெரியாது. தொண்ணூறுகளிலேயே கேபிள் வந்து ஆண்டெனாவைத் தின்றுவிட்டதால், கடைசி நாளில் பார்த்துக்கொண்டிருந்தவர்களே சொற்பம். "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று அட்டை போட்டே பழகிய தூர்தர்ஷன், நிரந்தரத் தடங்கலுக்கு ஒரு அட்டைகூடப் போடவில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம். இதே கேள்வியை யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தால் பதில் வேறு. இலங்கையில் அனலாக் ஒளிபரப்பு இன்னும் நடப்பதால், அங்கே பழைய டிவிக்கு நல்ல ஆண்டெனா ஒன்றே போதும்.

தரைவழியில் டிஜிட்டலாகக் கொடுக்கிறார்களாமே என்று யாராவது சொல்வார்கள். 2016-இல் சென்னை உட்பட 16 நகரங்களில் தூர்தர்ஷன் தொடங்கியது உண்மைதான். ஆனால் அது மக்களிடம் போய்ச் சேரவில்லை, அதற்கான பாக்ஸ் நம் ஊர்க் கடைகளில் கண்ணில் படுவதே இல்லை. மேலூருக்கு அது வழியில்லை.

வழி டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 33 சேனலோடு தொடங்கியது. பாக்ஸையும் டிஷ்ஷையும் ஒருமுறை வாங்கி மாட்டினால் சரி, அப்புறம் ரீசார்ஜ் என்ற பேச்சே இல்லை. டிஷ், பாக்ஸ், ஒயர், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி முடியும். எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புது முறை) பாக்ஸாகப் பார்த்து வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பாக்ஸ் நூறு இருநூறு குறைவாகக் கிடைக்கும், ஆனால் புதிதாக வந்த சேனல்களில் ஒரு பகுதியை அதில் பார்க்க முடியாது. எம்பெக்-4 பாக்ஸ் இரண்டையும் எடுத்துக்கொள்ளும்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் எனக்குத் திட்டு விழும். இதில் சன் டிவியும் விஜய் டிவியும் வராது. தூர்தர்ஷனின் எல்லா மொழிச் சேனல்களும் வரும். பொதிகை என்று நாம் சொல்லிப் பழகியது 2024 ஜனவரி 19 முதல் டிடி தமிழ் என்று பெயர் மாறியிருக்கிறது, அது வரும். தனியார் சேனல்கள் ஏலத்தில் பணம் கட்டி இடம் பிடிப்பதால் அதில் பெரும்பங்கு இந்திக்குத்தான். தமிழ்த் தனியார் சேனல்கள் குறைவு, வருவதும் போவதுமாக இருக்கும். சாயங்காலம் நியூஸ், பழைய பாட்டு, கோயில் நேரலை போதும் என்கிறவருக்கு இது தாராளம். ஏழு மணி சீரியல் தவறக்கூடாது என்கிறவருக்கு இது ஏமாற்றம்தான், அவருக்குக் கேபிளையே மறுபடி கொடுத்துவிடுங்கள்.

இனி டிஷ். கடைக்குப் போகும் முன் மாடியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பழைய சன் டைரக்ட் டிஷ் ஏதாவது துருப்பிடித்து நிற்கிறதா? நின்றால் உங்களுக்கு யோகம். ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. சன் டைரக்ட் 2007-இல் தொடங்கியது அதே 93.5-இல் இருந்த இன்சாட்-4பி-யில்தான். 2010 ஜூலையில் இன்சாட்-4பி-யில் மின்சாரக் கோளாறு வந்து பாதி டிரான்ஸ்பாண்டர்கள் அணைந்ததும், பக்கத்திலேயே 91.5-இல் அப்போது இருந்த மீசாட்-3-க்கு மாறினார்கள். ஆக அந்த டிஷ் ஏற்கெனவே சரியான இடத்தையோ அதற்கு இரண்டே டிகிரி தள்ளியோதான் பார்த்துக்கொண்டிருக்கும். ஃப்ரீ டிஷ் பாக்ஸைச் செருகி முதலில் அப்படியே தேடவிடுங்கள். வரவில்லையென்றால் டிஷ்ஷை ஒரு விரல்கடை கிழக்கே நகர்த்துங்கள். எல்என்பி-யின் (தட்டுக்கு முன்னால் கம்பி நுனியில் சிக்னலைப் பிடிக்கும் மூக்கு) முதுகில் 9750/10600 என்று அச்சிட்டிருக்க வேண்டும். வேறு எண் இருந்தால் எல்என்பி-யை மட்டும் மாற்றுங்கள், சில நூறு ரூபாய்தான்.

புதிதாக மாட்டுவதாக இருந்தால் திசை முக்கியம். அப்பாவின் ஆண்டெனா மேற்கே பார்க்கிறது, இது அதற்கு ஏறக்குறைய முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கிழக்குக்கும் அக்னி மூலைக்கும் நடுவில், மூலைக்கு நெருக்கமாக. போனில் காம்பஸ் திறந்தால் மேலூருக்கு 123 டிகிரி. சென்னையில் 134, நாகர்கோவில் பக்கம் 116. தெற்கே போகப் போகக் கிழக்குக்குத் திரும்பும். ஏற்றம் 69 டிகிரி, கிட்டத்தட்ட உச்சி வானம். அதனால் பக்கத்து வீட்டு மாடி மறைக்குமோ என்ற கவலை பெரும்பாலும் வேண்டாம். உங்கள் டிஷ்ஷைவிடப் பத்து மீட்டர் உயரமான சுவர்கூட நாலு மீட்டர் தள்ளி இருந்தால் மறைக்காது. தலைக்கு மேல் கவிந்திருக்கும் தென்னமட்டைதான் எதிரி. ஆனால் டிஷ்ஷைப் பார்த்தால் 69 டிகிரிக்கு மல்லாந்திருக்கிற மாதிரி தெரியாது, நாற்பத்து சொச்சத்துக்குத்தான் சாய்ந்த மாதிரி தெரியும். நம் வீட்டு டிஷ் எல்லாம் ஆஃப்செட் வகை, பார்க்கும் திசையும் தட்டின் முகமும் ஒன்றல்ல. இது தெரியாமல் தட்டை வானத்தைப் பார்க்க மல்லாக்கப் போட்டு மழைத்தண்ணி பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு குழப்பம் யூடியூபால் வருவது. ஃப்ரீ டிஷ் மாட்டுவது எப்படி என்று தேடினால் வரும் வீடியோக்கள் பெரும்பாலும் இந்தியில், வடக்கே எடுத்தவை. டெல்லியில் ஏற்றம் 52 டிகிரிதான். எல்என்பி-யும் அங்கே முப்பது டிகிரிக்குள் சாய்ந்திருந்தால் போதும். நமக்கு 50 டிகிரிக்கு மேல் சாய வேண்டும். அதைப் பார்த்து எல்என்பி-யை அவர்கள் மாதிரியே வைத்தால் சிக்னல் குறைந்துதான் வரும். தெளிந்த வானத்தில் ஓடும், ஐப்பசி மழையில் முதல் தூறலுக்கே நின்றுவிடும். கிளாம்பைக் கொஞ்சம் தளர்த்தி எல்என்பி-யை மெல்லத் திருகி, அளவு எங்கே உச்சத்துக்கு வருகிறதோ அங்கே இறுக்குங்கள்.

அந்த அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பாக்ஸ் மெனுவில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு கோடு இருக்கும். ஸ்ட்ரெங்த் கோடு டிஷ் தரையைப் பார்த்துக் கிடந்தாலும் எழுபது காட்டும், எல்என்பி-க்குக் கரண்ட் போகிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. குவாலிட்டியை மட்டும் பாருங்கள். மெனுவில் ஃப்ரீக்வென்சி 11090, போலரைசேஷன் வி, சிம்பல் ரேட் 29500 என்று கொடுத்து, 22 கிலோஹெர்ட்ஸை ஆஃப் செய்துவிட்டு டிஷ்ஷை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்துங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் மூன்று எண்ணிவிட்டுப் பாருங்கள், பாக்ஸ் புரிந்துகொள்ள நேரம் எடுக்கும். அவசரக்காரர்கள் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவதே இதனால்தான்.

அப்பாவின் ஜிஐ பைப்பிலேயே டிஷ்ஷை மாட்டலாமா என்றும் கேட்பீர்கள். மாட்டலாம், ஆனால் பைப்பை மூன்றடிக்கு அறுத்துவிட்டு. ஆண்டெனாவுக்கு உயரம் வேண்டும், ஆட்டத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. டிஷ்ஷுக்கு உயரம் வேண்டாம், ஆடவே கூடாது. ஆடிக்காற்றில் இரண்டு டிகிரி ஆடினால் படம் போச்சு.

இப்போது அந்த மூன்றடி.

உங்கள் 21 இன்ச்சின் முன்பக்கம் மூடிக்குள்ளோ, பின்பக்கமோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள் இருக்கிறதா பாருங்கள். மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருந்தாலும் சரி. இவைதான் ஏவி ஓட்டைகள், மஞ்சள் படத்துக்கு, மற்றவை சத்தத்துக்கு. தொண்ணூறுகளின் நடுவுக்குப் பிறகு வந்த கலர் டிவி என்றால் பெரும்பாலும் இருக்கும். கலைஞர் ஆட்சியில், 2006-லிருந்து ஒன்றரைக் கோடிக்கும் மேலான வீடுகளுக்குக் கொடுத்தார்களே 14 இன்ச் கலர் டிவி, அது இன்னும் எத்தனையோ வீட்டில் ஓடுகிறது. அதிலும் ஏவி வழிதான் எளிது. பாக்ஸில் ஏவி அவுட் இருக்கும் மாடலாக வாங்குங்கள். ஹெச்டிஎம்ஐ மட்டும் உள்ள பாக்ஸ் வாங்கிவிட்டால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். அதிலும் "ஹெச்டிஎம்ஐ டு ஏவி" என்று கேட்டு வாங்க வேண்டும். தலைகீழாக "ஏவி டு ஹெச்டிஎம்ஐ" என்று ஒன்று அச்சு அசலாக அதே டப்பாவில் வரும், அது இதற்கு உதவாது. அந்தக் கன்வெர்ட்டருக்குத் தனியாக 5 வோல்ட் கரண்ட் கொடுக்க வேண்டும் என்பதையும் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

இப்போதைய சின்ன பாக்ஸ்களில் மூன்று ஓட்டைக்குப் பதில் ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்றே ஒன்று இருக்கும். ஒரு முனையில் ஒற்றைப் பின், மறுமுனையில் மூன்று கலர் பின் உள்ள ஒயர் அதற்கு. இந்த ஒயரில்தான் வேடிக்கை. ஒற்றைப் பின்னுக்குள் எந்த வளையம் படம், எந்த வளையம் சத்தம் என்பதில் கம்பெனிக்கு ஒரு வழக்கம். வேறு பாக்ஸின் ஒயரைப் போட்டால் மஞ்சள் பின்னில் சத்தமும் சிவப்புப் பின்னில் படமும் வரும். போன மாசம் என் சகலை வீட்டில் இதே கதை. திரை கறுப்பு, ஸ்பீக்கரில் "டர்ர்ர்" என்று ஒரே இரைச்சல். அந்த இரைச்சல்தான் படம்! மஞ்சள் ஓட்டையில் சிவப்புப் பின்னைச் செருகினேன், நியூஸ் வாசிப்பவர் வந்துவிட்டார். கலரைப் பார்த்துக் கலரில் செருகுவது என்ற நியாயம் இங்கே செல்லாது. மூன்றையும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள், ஒன்றும் எரிந்துவிடாது.

படம் வருகிறது, ஆனால் கலர் இல்லை, அல்லது மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருக்கிறது என்றால் பாக்ஸ் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க ஒளிபரப்பு முறையில் இருக்கிறது. நம் பழைய டிவிகள் பால் (PAL) என்ற முறைக்குச் செய்தவை: 625 கோடு, நொடிக்கு 25 படம். மெனுவில் போய்ப் பால் என்று மாற்ற வேண்டும். உருளும் திரையில் மெனுவைப் படிக்க முடியாதே என்றால், பாக்ஸை யார் வீட்டு எல்இடி டிவியிலாவது மாட்டி மாற்றிக்கொண்டு வாருங்கள். அப்படியே திரை வடிவத்தை 4:3 என்றும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆட்கள் எல்லாம் இழுத்த மாதிரி ஒல்லியாகத் தெரிவார்கள்.

ஏவி ஓட்டையே இல்லாத டிவி என்றால்? உங்கள் பரண் மேல் இருக்கும் பிளாக் அண்ட் ஒயிட் அப்படித்தான் இருக்கும். சாலிடரோ, டயனோராவோ, கிரவுனோ, பின்னால் ஆண்டெனா ஒயர் கட்ட இரண்டு ஸ்க்ரூ மட்டும். அதற்குத் தெரிந்த பாஷை ஒன்றுதான், காற்றில் வரும் ஸ்டேஷன். ஆகவே வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டி ஸ்டேஷன் வைக்க வேண்டும். அதுதான் ஆர்எஃப் மாடுலேட்டர். பாக்ஸின் ஏவி-யை வாங்கி, ஒரு சேனலாக மாற்றி, ஒயர் வழியாக டிவிக்குக் கொடுக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாக்ஸின் பின்னால் "எல்என்பி அவுட்" அல்லது "லூப் அவுட்" என்று ஒரு ஓட்டை இருக்கும், ஒயர் கச்சிதமாகப் பொருந்தும். அது டிவிக்கு இல்லை. டிஷ்ஷிலிருந்து வருவதை அப்படியே அடுத்த பாக்ஸுக்குக் கொடுப்பது. அதை டிவியில் செருகிவிட்டு நாள் முழுக்கச் சேனல் தேடியவர்கள் உண்டு.

மாடுலேட்டரில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, அது எந்தச் சேனலில் கொடுக்கிறது. ஆன்லைனில் விற்கும் மலிவு மாடுலேட்டர்களில் பல யுஹெச்எஃப்-இல், 21-க்கு மேற்பட்ட சேனலில் கொடுக்கும். கலர் டிவி அதைத் தேடிப் பிடித்துவிடும். திருகு குமிழ் வைத்த பழைய பிளாக் அண்ட் ஒயிட்டில் 2 முதல் 12 வரைதான் இருக்கும், அதன் காதில் யுஹெச்எஃப் ஏறாது. அதற்கு விஹெச்எஃப் மாடுலேட்டர் வேண்டும். புதிதாகத் தேடி அலைவதைவிட, கேபிள் தொழிலில் இருந்த யாரையாவது கேளுங்கள். அனலாக் காலத்தில் கேபிள் கண்ட்ரோல் ரூமில் சேனலுக்கு ஒன்று என்று ரேக் ரேக்காக மாடுலேட்டர் அடுக்கியிருப்பார்கள். எல்லாம் டிஜிட்டல் ஆனதும் அவை மூலையில் தூசி பிடித்துக் கிடக்கின்றன. 5-இலிருந்து 12-க்குள் ஒரு சேனலுக்கு ஆனதாகப் பார்த்து ஒன்று கேட்டால் டீக்காசுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இரண்டாவது, சத்தம். நம் முறையில் படத்துக்கும் சத்தத்துக்கும் இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ். சீனாவின் உள்ளூர் முறைக்குச் செய்த மாடுலேட்டரில் 6.5. நான் ஒருமுறை விலை குறைவென்று அதை வாங்கிவிட்டேன். படம் கண்ணாடி மாதிரி, சத்தம் வெறும் "உஸ்". முழு சாயங்காலம் ஸ்பீக்கர், ஒயர், ஐசி என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, கடைசியில் மாடுலேட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்ததும்தான் புத்தி வந்தது. தொண்ணூறுகளின் கலர் டிவி சிலவற்றில் மெனுவில் சவுண்ட் சிஸ்டம் என்று இருக்கும், நம் முறையான பி/ஜி-யைச் சீன முறையான டி/கே என்று மாற்றினால் அதுவும் கேட்கும். பிளாக் அண்ட் ஒயிட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. வாங்கும்போதே 5.5 என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் பழைய விசிஆர் இருந்தால் மாடுலேட்டருக்குக் காசு செலவழிக்காதீர்கள். அதற்குள் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. பாக்ஸின் ஏவி-யை விசிஆரின் பின்பக்க ஏவி-இன்னில் கொடுத்து, விசிஆரில் ஏவி என்று தேர்வு செய்து, ஆர்எஃப் அவுட்டை டிவிக்குக் கொடுங்கள். டேப் ஓட வேண்டிய அவசியமே இல்லை, ஹெட் தேய்ந்த விசிஆரும் இதற்குப் போதும். பெரும்பாலான விசிஆர் கொடுப்பது யுஹெச்எஃப் 36-ஐ ஒட்டி. எனவே இதுவும் கலர் டிவிக்குத்தான், குமிழ் டிவிக்கு ஆகாது.

குமிழ் டிவியின் அந்த இரண்டு ஸ்க்ரூ தட்டையான ரிப்பன் ஒயருக்கு, 300 ஓம். மாடுலேட்டரிலிருந்து வருவது உருண்டை ஒயர், 75 ஓம். நடுவில் இரண்டையும் பொருத்திவைக்கக் கட்டைவிரல் அளவுக்கு பேலன் என்று ஒன்று வரும். ஆண்டெனா காலத்தில் பெட்டி பெட்டியாக விற்றோம், இப்போதும் பழைய கடைகளில் டிராயர் மூலையில் கிடக்கும். அதை மாட்டாமல் உருண்டை ஒயரின் நடுக்கம்பியை ஒரு ஸ்க்ரூவிலும் வலையை இன்னொன்றிலும் முறுக்கிக் கட்டினாலும் ஏதோ வரும், ஆனால் நிழல் நிழலாக விழும்.

டிவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் பரணில் கிடந்ததை இறக்கி உடனே பிளக்கைச் செருகாதீர்கள். பின்பக்கக் காற்று ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லி முட்டை, குளவிக் கூடு, எலிப் புழுக்கை, இதில் ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். முதல் தடவை ஓடவிடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கருகிய வாசனையோ "சர்ர்" என்ற சத்தமோ வந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பின் மூடியை நீங்களே கழற்றாதீர்கள். கலர் பிக்சர் ட்யூபுக்கு எல்ஓடி என்ற டிரான்ஸ்ஃபார்மர் கொடுப்பது இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ட்யூப் அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். எனக்கு ஒருமுறை பட்டு, முழங்கை பின்னால் இருந்த ஷோகேஸ் கண்ணாடியை உடைத்தது. கண்ணாடிக்கு ஆன செலவு அந்த ரிப்பேருக்கு வாங்கிய கூலியைவிட அதிகம்.

போட்டதும் படம் மங்கலாக வந்து பத்து நிமிஷம் கழித்துத் தெளிந்தால் ட்யூப் வீக். ஓடும்வரை ஓடட்டும், அதற்கு மேல் காசு போடாதீர்கள், புது ட்யூப் எங்கும் கிடையாது. மற்றபடி கெப்பாசிட்டர், ரிமோட் சென்சார், ஸ்விட்ச் போன்ற சின்னக் கோளாறுகளுக்கு உங்கள் ஊரில் இன்னும் ஒரு வயசான மெக்கானிக் இருப்பார், ஐநூறுக்குள் முடித்துக் கொடுப்பார். அதைத் தாண்டிச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் காசுக்கு யாராவது எல்இடி வாங்கிவிட்டு ஓரம் கட்டிய நல்ல 21 இன்ச்சே கிடைக்கும்.

கடைசியாக அம்மாவின் கையில் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது. பழைய டிவியில் பல, கரண்ட் போய் வந்தால் ஏவி-யை மறந்து ஒன்றாம் சேனலுக்குப் போய்விடும். திரையில் புள்ளி ஓடும், அம்மா உங்களுக்குப் போன் செய்து டிஷ் கெட்டுவிட்டது என்பார். டிவி ரிமோட்டில் ஏவி பட்டன் மேல் ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வையுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் பாக்ஸ் ரிமோட் போதும், சத்தத்தைக்கூட அதிலேயே கூட்டிக் குறைக்கலாம். மாடுலேட்டர் வழியாக மாட்டினால் அந்தச் சேனலை டிவியில் ஒன்றாம் நம்பரில் பதிந்துவிடுங்கள். கரண்ட் போய் வந்தாலும் நேரே படத்திலேயே வந்து நிற்கும், போன் வராது.